அடுத்த ஷிஃப்டுக்கு எழுதிய குறிப்பு

எங்கள் டவுன்ஷிப்பில் மத்தியானம் மூன்று மணிக்கு யாரும் காலிங் பெல் அடிப்பதில்லை.

எழுதி வைத்த விதியெல்லாம் கிடையாது. எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்திருப்பார்; அதனால் வருகிறவர்கள் விரல் நுனியால் கதவைத் தொடுவதோடு சரி. கொரியர்காரர்கூடப் பார்சலை, தூங்கும் பூனையைக் கீழே விடுவதுபோல வைத்துவிட்டுப் போவார். அகலமான ரோடு. ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் வேப்பமரம். தூரத்தில் சுரங்கத்து நிலக்கரியைச் சுமந்து கன்வேயர் பெல்ட் ஓடும் 'உம்ம்ம்'... அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பே வரும். வெளியூரிலிருந்து வந்திருந்த என் மைத்துனன் கேட்டான்: "என்ன அத்தான், ஊரே கனவு கண்டுட்டிருக்கு?"

ஆமாம். ஆனால் ஷிஃப்ட் முறையில்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு விரல் நுனி என் கதவைத் தொட்டது. நானும் அப்போது கனவில்தான் இருந்தேன். எனக்கு ஷிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். இந்த குவார்ட்டர்ஸ் என் மனைவி பத்மாவின் பேரில் ஒதுக்கப்பட்டது. சுரங்கத்தில் சர்வே செக்‌ஷனில் வரைபடம் போடுகிறவள் அவள். அவளுடைய மெடிக்கல் கார்டில் என் போட்டோவுக்குக் கீழே 'டிபெண்டென்ட்' என்று இருக்கும். 'எழுத்தாளர்' என்று மாற்றச் சொல்லி ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ரெண்டும் ஒண்ணுதானே என்றாள்.

கதவைத் திறந்தால் குணசேகரன். இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். முத்தாண்டிக்குப்பத்து விவசாயக் குடும்பம். கான்ட்ராக்டில் சேர்ந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து பெர்மனென்ட் ஆன பெல்ட் ஆபரேட்டர். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல்.

"தூங்கிக்கினு இருந்தீங்களா சார்?"

"இல்லையே... யோசிச்சிட்டிருந்தேன்."

"கன்னத்துல பாய்க்கோடு தெரியுது" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

ஃபைலோடு வருகிறவர்களை எனக்குப் பழக்கம் உண்டு. ரிட்டயர்மென்ட் வாழ்த்துமடல், காதுகுத்துப் பத்திரிகை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு... எழுதுகிற ஆள் என்றால் எல்லாவற்றையும் எழுதுகிற ஆள் என்றுதானே அர்த்தம்? பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"ஒரு பேப்பர் எழுதணும் சார். அடுத்த தபா எனக்குப் பைத்தியம் புடிச்சா இன்னா பண்ணணும், இன்னா பண்ணக் கூடாதுன்னு."

பேனாவை மூடிவிட்டேன்.

'பைத்தியம்' என்ற சொல் அவருடையது. சீட்டில் டாக்டர் எழுதியிருப்பது 'இருமுனைக் கோளாறு'. மனம் சில மாதம் மலையேறும். சில மாதம் கிணற்றில் இறங்கும். இப்போது ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். மூன்றிலும் என்னைவிட மேல்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மாசி மாதம் அவருக்குத் தூக்கம் போனது. "ஷிஃப்ட் மாறினா அப்படித்தான், சரியாயிடும்" என்றோம். நான் சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், அவருடைய சூப்பர்வைசர் சொன்னார். வேறெந்த ஊராக இருந்தாலும் ஒரு மனிதர் நாலு நாள் தூங்கவில்லை என்றால் யாராவது பயந்திருப்பார்கள். ஆளுக்கொரு நேரத்தில் தூங்குகிற இந்த ஊரில், ஒருவர் தூங்கவே இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏதோ ஒரு நேரத்தில் தூங்கியிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

ஐந்தாம் நாள் சார்ட் பேப்பரோடு வந்தார். "சார்... நம்மூருக்குத் துறைமுகம் வருது!"

பழைய வெட்டுக்குழி ஒன்றில் தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி நீலமாகக் கிடக்கும். அதுதான் துறைமுகம். சுரங்கத்து மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேட்டின்மேல் கலங்கரை விளக்கம். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரையும் பண்ருட்டிப் பலாவும் இங்கிருந்தே கப்பலேறும். பத்மாவிடம் போய் "அக்கா, ஆழம் எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். கண் இரண்டிலும் அப்படி ஒரு ஜொலிப்பு. "மொதக் கப்பல் வர்றப்போ பாருங்க சார், முந்திரித் தோப்புக்கு மேல அதோட விளக்கு மட்டும் தனியா நவுந்துக்கினு வரும்..."

இத்தனை வருஷம் எழுதுகிறேன். அந்த மாதிரி ஒரு வாக்கியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், அன்று இரண்டு நிமிஷம் நானும் அந்தக் கப்பலைப் பார்த்தேன். தோப்பின் இலைகள் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம், சத்தமே இல்லாமல்...

ஆனால் மறுநாள் அவர் ஆழம் பார்க்கக் கயிறோடு குழியின் விளிம்பில் இறங்கினார். அவர் மனைவி செல்வி கையைப் பிடித்து இழுத்து வந்தார். அதற்கு மறுநாளும் இறங்கினார். அதற்குப் பிறகு கனவு காண யாருக்குத் தைரியம் வரும்?

உறவுக்காரர்கள் கூடினார்கள். "சொன்னா வர மாட்டான். ஏமாத்தித்தான் கூட்டிக்கினு போவணும்." அண்ணன் மகனுக்குத் திண்டிவனம் பக்கம் பெண் பார்க்கப் போகிறோம் என்று ஏற்பாடு. ஒரு வேன். குணசேகரன் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு, விபூதி பூசி ஏறினார். வேன் போய் நின்ற இடம் ஒரு தனியார் காப்பகம். பேர் வேண்டாம்; இப்போது அது மூடிக் கிடக்கிறது. கேட்டுக்குள் போனதும் இரண்டு பேர் கையைப் பிடித்தார்கள். அப்புறம் கயிறு. அப்புறம் நாற்பது நாள்.

பெண் யார், என்ன படிப்பு, எந்த ஊர் என்று வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வேனின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா?

இதை எழுதுகிறவன்தான். கதை சொல்ல ஆள் வேண்டும் என்றுதானே என்னைக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு இந்தப் பத்திரிகைப் பத்தியில் குக்கர் கேஸ்கட்டிலிருந்து கிரிக்கெட் வரைக்கும் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை.

"இப்ப சட்டம் இருக்குதாம் சார். டாக்டர் சொன்னாரு" என்று குணசேகரன் ஃபைலிலிருந்து சில தாள்களை எடுத்தார். "படிச்சுப் பாத்துட்டு எழுதுங்க."

மனநலப் பராமரிப்புச் சட்டம். மூன்று மத்தியானம் படித்தேன். படிப்பதும் கண் சொக்குவதும் மறுபடி படிப்பதுமாக... எது சட்டத்தில் இருந்தது, எது என் கனவில் வந்தது என்றே ஒரு கட்டத்தில் தெரியவில்லை. 'கண்ணியம்' என்று ஒரு சொல் வந்தது. இது நிச்சயம் கனவுதான் என்று எழுந்து முகம் கழுவிவிட்டுப் பார்த்தேன். அங்கேயே இருந்தது!

எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஒருவர் தெளிவாக இருக்கும்போதே, நாளை மனம் குலைந்தால் தனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எழுதி வைக்கலாம். தன் சார்பாகப் பேச ஒருவரை நியமிக்கலாம். அந்த ஒருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சி. அதை ஒரு வாரியத்தில் பதிய வேண்டும். உயிருக்கே ஆபத்து என்கிற அவசரத்தில் டாக்டர் செய்வதை இந்தக் காகிதம் தடுக்காது. மற்றபடி மதிக்க வேண்டும். சங்கிலியால் கட்டக் கூடாது. சிகிச்சை வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். அது தயவில்லை, உரிமை.

பத்மாவிடம் புல்லரித்துப்போய்ச் சொன்னேன். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வரைபடத்தின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த டாக்டர் வாரத்துல எத்தனை நாள் வர்றார்?"

"ஒரு நாள். திங்கட்கிழமை."

"மாத்திரை?"

"சில வாரம் இருக்கும். சில வாரம் வெளியில வாங்கிக்கணும்."

"மத்த ஆறு நாள்ல உடம்புக்கு முடியலைன்னா?"

சட்டத் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன்.

"அப்போ பம்ப் வைக்காம சுரங்கம் தோண்டியிருக்காங்க" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊருக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா கிடக்கிற தண்ணீர் இல்லை. எப்போது வழி கிடைக்கும், மேலே வரலாம் என்று முட்டிக்கொண்டே இருக்கிற தண்ணீர். இராப்பகலாகப் பம்ப் ஓடி அதை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் கீழே மனிதர்கள் உலர்ந்த காலோடு நின்று வேலை செய்கிறார்கள். 'இங்கே தண்ணீர் வரக் கூடாது' என்று ஓர் உத்தரவு போட்டு, சுரங்க வாசலில் போர்டு மாட்டினால் போதுமா? சட்டம் ஒரு தரம் போட்டால் போதும். பம்ப்... தினமும் ஓட வேண்டும். பக்கத்திலேயே ஒரு டாக்டர், தீராத மாத்திரை, வீட்டுக்கு வந்து எட்டிப் பார்க்கிற ஒரு நர்ஸ், கொஞ்ச நாள் தங்கித் தேறிவர ஒரு வீடு – இவையெல்லாம் பம்ப்.

சரி, நம்மால் பம்ப் வைக்க முடியாது. காகிதமாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு பக்கம், என் ஆகச் சிறந்த நடையில். 'என் மனவானில் கருமேகங்கள் திரளும் வேளையில், அன்புக்குரியோரே...' என்று ஆரம்பம்.

குணசேகரன் மரியாதையாக முழுசும் கேட்டார்.

"சூப்பரா கீது சார்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆனா இதைப் படிச்சா டாக்டரு அழுவாரு. ஊசி போட மாட்டாரு."

பேப்பரை வாங்கித் திருப்பி, பின்பக்கம் ஸ்கேல் இல்லாமலே நேராக ஒரு கோடு போட்டார். "லாக் புக் மாதிரி எழுதலாமா சார்?"

பெல்ட் செக்‌ஷனில் ஒரு பழக்கம். ஷிஃப்ட் முடிந்து போகிறவர், அந்த இடத்துக்கு அடுத்து வருகிறவருக்கு – அவரை ரிலீவர் என்பார்கள் – லாக் புக்கில் நாலு வரி எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். எந்த ரோலர் சத்தம் போடுகிறது, எங்கே மண் சிந்துகிறது, எதில் கை வைக்கக் கூடாது. ரிலீவர் வந்து படித்துக் கையெழுத்துப் போடும்வரை இவர் இடத்தை விட்டு நகரக் கூடாது.

"அவன் வேலை பாக்கறப்போ என்னைக் கேக்க முடியாதுல்ல சார்? நான் வூட்ல தூங்கிக்கினு இருப்பேன். அதனால எல்லாத்தையும் எழுதிடுவோம். இதுவும் அப்டித்தான். அப்ப நான் இருப்பேன். ஆனா என்னைக் கேக்க முடியாது."

'மனவானில் கருமேகங்கள்' என்று எழுதிய கை கொஞ்சம் கூசியது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"ரெண்டு நாள் தூக்கம் இல்லன்னா கவனிக்கவும். மூணாவது நாள் டாக்டர். ஷிஃப்டு மாறுனதாலன்னு சாக்கு வேணாம்.

"தூங்குனியான்னு என்னைக் கேக்கவும். தூங்கிட்டேன்னு பொய் சொல்லுவேன். திருப்பிக் கேக்கவும்.

"துறைமுகத்தப் பத்திப் பேசுனா காது குடுத்துக் கேக்கவும். சிரிக்க வேணாம். குழி பக்கம் தனியா வுட வேணாம்.

"ஊசி போடலாம். எடது கையில. வலது தோள்பட்டை பெல்ட்ல அடிபட்டது.

"போன தபா குடுத்த மஞ்ச மாத்திரை வேணாம். நாக்கு தடிச்சுப் போயி பேச்சு வரல. பேச்சு வரலன்னதும், ஆளு அமைதியாயிட்டாருன்னு எழுதிட்டாங்க.

"கட்டக் கூடாது. சோத்துல மறைச்சு மாத்திரை வெக்கக் கூடாது. கையில குடுக்கவும்.

"எங்க கூட்டிக்கினு போறீங்களோ, அந்த எடத்தோட பேரைச் சொல்லவும். கத்துவேன். கத்தட்டும்னு விடவும்."

அதோடு நிறுத்தினார். கடைசியில் ஒரு வரி காலியாகக் கிடந்தது. அவர் சார்பில் பேசப் போகிறவரின் பேர்.

"உங்க பேரைப் போட்டுடலாமா சார்?"

ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. அடுத்த நிமிஷம் அந்த வேன் ஞாபகம் வந்தது.

"குணசேகரன்... அன்னைக்கு அந்த வேன்ல நான்..."

"தெரியும் சார். பண்ருட்டி தாண்டறப்போ பொண்ணு பேரு கவிதான்னு சொன்னீங்க. விழுப்புரத்துல டீ குடிக்கறப்போ கலா. திண்டிவனம் வர்றதுக்குள்ள காயத்ரி ஆயிட்டா. ஒரே மாப்பிள்ளைக்கு மூணு பொண்ணா பாப்பாங்க?"

"அப்போ... தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"செல்வி பின்னாடி சீட்ல அழுவாம உக்காந்துக்கினு இருந்துச்சு சார். டிவியில எவனுக்கோ ஜுரம்னாகூட அழுவுற ஆளு அது. அழுவாம உக்காந்திருக்குன்னா மேட்டர் பெருசுன்னு தோணுச்சு. சரி, போயிதான் பாப்போம்னு உக்காந்துட்டேன்."

அந்த வேனில் ஏழு பேர். அதில் ஆறு பேருக்கு மனம் தெளிவாக இருந்ததாக நினைப்பு. ஏழாவது ஆளுக்குத்தான் எல்லாமே தெரிந்திருந்தது.

"நேரா கேட்டிருந்தா வந்திருப்பீங்களா?"

வெளியே பார்த்தார். ரோட்டில் வேப்பஞ்சருகு ஒன்று விழுந்து உருண்டது.

"தெரியாது சார். வந்திருக்க மாட்டேன்னே வெச்சுக்குங்களேன். ஆனா கேட்டிருக்கலாம்... கயிறு கட்டுனதுகூட மறந்துபோச்சு. பட்டுக்கரை வேட்டியோட அங்க போயி நின்னது மட்டும் மறக்கல." என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அதுலேர்ந்து செல்வி எங்க கூப்புட்டாலும், வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கறேன். கோயிலுக்குப் போனாலும் பாக்கறேன். அதுக்கும் தெரியும். அதனால இப்பல்லாம் அது என்னை எங்கியுமே கூப்புடறதில்ல."

அந்த வரியில் என் பேரை எழுதவில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். செல்வி முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் சட்டத்தைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன். பேர் போட வேண்டும் என்றதும் கை நின்றது.

"நான் மாட்டேன் சார்."

"இல்லம்மா, இது வெறும்..."

"உங்க பேரையே போட்டுக்குங்க. போன தபா முடிவெடுத்தது நானு. நாலு வருசமா கெட்டவளா உக்காந்துக்கினு கீறேன். அடுத்த தபாவும் நானேவா?"

குணசேகரன் கதவோரம் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தெரிஞ்சுதான் செல்வி வந்தேன்."

"இன்னாது?"

"அன்னிக்கி. வேன்ல. பொண்ணு கிண்ணு எதுவும் இல்லன்னு தெரியும்."

ஒரு மொச்சைக்காய் பறந்து வந்து அவர் மார்பில் பட்டது. அடுத்து ஒரு கைப்பிடி வந்தது. எனக்கும் நாலைந்து.

"நாப்பது நாளு... பெத்த புள்ளய வித்துட்டவ மாதிரி சோறு எறங்காம கெடந்தேன்யா! நீ தெரிஞ்சுதான் போனியா? நாலு வருசமா ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கவே இல்லியே."

"நீ சொல்லவே இல்லியே!"

எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். என் செருப்பு அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. செல்வி அழுதார், திட்டினார், மூக்கைச் சிந்தினார். அப்புறம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். இரண்டு முறை.

"இதுல நான் எங்க?"

"நீதான் எல்லாம்..." என்று ஆரம்பித்தார் குணசேகரன்.

"அத வுடு. மூணாவது நாள் டாக்டருன்னு எழுதிக்கீற. அந்த மூணு நாளும் நான் தூங்கிருப்பேனா? உன் பின்னாடியே குழிக்கும் வூட்டுக்கும் ஓடிக்கினு இருந்தேனே, என் தூக்கத்துக்கு இதுல இன்னா எழுதிக்கீற?"

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சட்டத்தில் நோயாளி உண்டு, டாக்டர் உண்டு, வாரியம் உண்டு. மூன்று மத்தியானம் படித்த எனக்கு, செல்வியின் தூக்கம் எந்தப் பக்கத்திலும் கண்ணில் படவில்லை. படித்தபோது நானே தூங்கிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

"எழுதுங்க சார்" என்றார் செல்வி. "செல்வி ரெண்டு ராத்திரி தூங்கலன்னா, எழுத்தாளர் சாரு, நீங்கதான், வந்து இவரோட உக்காரணும். செல்வி போயி பத்மாக்கா வூட்ல படுத்துக்கும். யாரும் எழுப்பக் கூடாது."

எழுதினேன். அம்பத்து மூன்று வயதில், ஒரு நேர்காணல்கூட இல்லாமல், எனக்கு ரிலீவர் வேலை கிடைத்தது. காலி வரியில் செல்வி தன் பேரை எழுதினார். 'ல்'லுக்குப் புள்ளி வைக்கும்போது பேனா தாளைக் குத்திவிட்டது. பத்மாவும் நானும் சாட்சி.

பதிவு செய்யப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகம், முதல் மாடி. சீட்டிலிருந்த அம்மா காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்தார். 'கவனிக்கவும்... ஷிஃப்டு மாறுனதால... வலது தோள்பட்டை பெல்ட்ல...'

"மெஷின் கம்ப்ளெயின்ட்டெல்லாம் இங்க இல்லீங்க. கீழ போங்க."

"மெஷின் இல்லீங்கம்மா" என்றார் குணசேகரன் பணிவாக. "நாந்தான்."

அந்த அம்மா இன்னொரு தடவை படித்தார். இந்த முறை மெதுவாக. பிறகு எழுந்து போய் மூன்று பேரிடம் கேட்டார். இப்படி ஒரு காகிதத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை; எந்த சீட்டுக்குப் போக வேண்டும் என்றும் தெரியவில்லை. கடைசியில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, ஒரு தபால் எண் போட்டு, "வாரியத்துக்கு அனுப்பி வைக்கிறேன், கடுதாசி வரும்" என்றார். கடுதாசி இன்னும் வரவில்லை. ஆனால் படியிறங்கும்போது குணசேகரனுக்கு ஒரே சந்தோஷம். "நம்பர் வுழுந்துடிச்சு சார்!"

இந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணி. முந்திரித் தோப்புப் பக்கமிருந்து பனி வந்து பிளாக் முழுக்கப் பஞ்சு மாதிரி நிரம்பியிருந்தது. வீடுகள் மிதந்துகொண்டிருந்தன. அதற்குள்ளிருந்து குணசேகரனின் குரல் மட்டும் கேட்டது.

"நான் நல்லாத்தான் கீறேன்! எனக்கு இன்னாங்கறேன்!"

ஓடினேன். செல்வி வாசலில் நின்றிருந்தார். குரலை உயர்த்தாமல் என்னிடம் சொன்னார்: "தூங்குனியான்னு கேட்டேன். தூங்கிட்டேன்னாரு. திருப்பிக் கேட்டேன். ரெண்டு நாளா இல்லங்கறாரு." அப்புறம் உள்ளே பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, "ஆஸ்பத்திரிக்குப் போறோம். மனசு டாக்டரைப் பாக்க. வேற எங்கியும் இல்ல" என்றார்.

அவர் கத்தினார். பத்து நிமிஷம். நாங்கள் விட்டோம். பத்து நிமிஷம் ஒரு மனிதர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு கதை சொல்லிச் சமாதானப்படுத்தலாமா என்று என் நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.

பிறகு சத்தம் நின்றது. குழாய் திறக்கும் ஓசை. முகம் கழுவி, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வெளியே வந்தார். "ஆட்டோ சொல்லு" என்றார்.

டாக்டர் அந்தக் காகிதத்தைப் படித்தார். வெளியே நீள வரிசை. இருந்தும் முழுசும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, செல்வியைப் பார்க்கவில்லை, குணசேகரனைப் பார்த்து, "எடது கைதானே?" என்றார். மாத்திரை அளவை மாற்றியிருக்கிறார். இரண்டு நாளாகத் தூக்கம் வருகிறது. செல்விக்கும். டாக்டர் வராத ஒரு வியாழக்கிழமை இப்படி ஆகியிருந்தால் என்ன செய்திருப்போம்? உங்களுக்குத் தெரியுமா?

ஆனால் நான் சொல்ல வந்தது போகும் வழியில் நடந்தது. ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். நடுவில் செல்வி. நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன்... வண்டி எங்கெங்கோ திரும்பியது. குணசேகரன் ஒருமுறைகூட ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

டிரைவர் கண்ணாடியில் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இஸ்திரி சட்டையில் ஒருவர். அமைதியாக ஒரு பெண்மணி. ஷேவ் பண்ணாத தாடியும், மாறிப் போட்ட பட்டனும், ஓரக்கண் பார்வையுமாக நான். இரக்கத்தோடு குரலைத் தாழ்த்தி, செல்வியிடம் கேட்டார்.

"சாருக்கு எத்தினி நாளா இப்டி இருக்குதும்மா?"

கண்ணைத் திறக்காமலே குணசேகரன் பதில் சொன்னார்.

"எழுத ஆரம்பிச்ச நாள்லேர்ந்து."